அவர்கள் 1985இல் வந்தவர்கள் அல்லர்

ஹாங்காங் குற்றப் படங்களைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஒரே கதையைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். அது ஆண்களின் சினிமாவாம். புரூஸ் லீயின் உதை, ஜாக்கி சானின் பல்டி, நீளக் கோட்டு மாட்டிக்கொண்டு இரண்டு கையிலும் துப்பாக்கி பிடித்த சௌ யுன்-ஃபாட், இவைதாம் அதன் முகம். பெண் அங்கே கடத்தப்படுவாள். இரவு விடுதியில் பாடுவாள். கடைசியில் பிணத்தின் மேல் விழுந்து அழுவாள். பிறகு 1985இல் 'யெஸ், மேடம்!' வந்தது, மிஷேல் யோ வந்தார், அதற்குப் பின்னரே பெண்ணுக்கும் சண்டையில் பங்கு கிடைத்தது என்று அந்தக் கதை முடியும். 2023இல் யோவுக்கு ஆஸ்கர் கிடைத்தபோது இதே கதை மறுபடி தூசு தட்டி எடுக்கப்பட்டது. புரூஸ் லீ, ஜாக்கி சான் படங்களைப் பார்த்து வளர்ந்த நம்மூர் ரசிகர்களில் பலரும் இதைத்தான் நம்புகிறார்கள்.

இந்தக் கதை அடியோடு தவறு. கான்டனீஸ் மொழியில் குற்றப் படம் காலூன்றிய நாள்களில் அதன் நடுவில் நின்றவர்கள் பெண்கள். ஆண்கள் அந்த இடத்துக்குப் பிற்பாடு வந்தார்கள். தாமாக வந்து சேரவுமில்லை. இன்னார் இன்ன காரணத்துக்காகக் கொண்டுவந்தார்கள் என்று பெயர் சொல்லிக் காட்டும் அளவுக்கு அது வெளிப்படையாக நடந்த மாற்றம். 1985இல் நடந்தது நுழைவு அல்ல, மீட்சி. இதை ஒப்புக்கொள்ளாதவரை அந்தப் பெண்களைப் பற்றி எழுதப்படும் எந்தப் பாராட்டும் அவர்களுக்கு முந்தியவர்களை அழித்துவிட்டு எழுதப்படும் பாராட்டாகவே இருக்கும்.

1965க்குப் போவோம். சோர் யூன் இயக்கத்தில் 'தி பிளாக் ரோஸ்' வெளிவந்த ஆண்டு அது. அக்கா, தங்கை இருவர். பகலில் பணக்கார வீட்டுப் பெண்கள். விருந்துகளுக்குப் போவார்கள், நகை அணிவார்கள், சிரித்துப் பேசுவார்கள். இரவில் உடம்போடு ஒட்டிய கறுப்பு உடையில் மாடிச்சுவர் ஏறி, அதே விருந்துகளில் சந்தித்த செல்வந்தர்களின் பெட்டகங்களைத் திறந்து, எடுத்ததை ஏழைகளுக்குக் கொடுப்பார்கள். திருடிய இடத்தில் ஒரு கறுப்பு ரோஜாவை விட்டுவிட்டு வருவார்கள். அக்காவாக நாம் ஹுங், தங்கையாகக் கோனி சான் போ-ச்சு. துப்பறிய வரும் காப்பீட்டுக் கம்பெனிக்காரராக பாட்ரிக் செ, அன்றைய பெரிய கதாநாயகன். ஆனால் கதையைத் தள்ளிக்கொண்டு போவது அவர் அல்லர். அவர் சந்தேகப்படுகிறார், பின்தொடர்கிறார், ஏமாறுகிறார், காதலில் விழுகிறார். மற்ற நாட்டுப் படங்களில் அழகான பெண்ணுக்கு ஒதுக்கும் வேலை எதுவோ, ஏறக்குறைய அதுதான் இங்கே அவருக்கு. படம் வெற்றி பெற்றது. அடுத்த ஆண்டே 'ஸ்பை வித் மை ஃபேஸ்' என்று தொடர்ச்சியும் வந்தது. நாம் ஹுங் இதில் நடித்தவர் மட்டுமல்ல, சோர் யூனோடு சேர்ந்து ரோஸ் பட நிறுவனத்தை நடத்தியவரும்கூட.

அதே 1966இல் கோனி சான் 'லேடி பாண்ட்' ஆனார். ஸுவெட் நெய் 'மூக் லான்-ஃபா' ஆனார். வீடுகளில் பூட்டுத் திறப்பவள், உளவு பார்ப்பவள், கடத்தல் கும்பலை மடக்குபவள், ரகசிய ஆயுதக்காரி என்று அறுபதுகளின் நடுவில் கான்டனீஸ் படக் கொட்டகைகளில் பெண்கள் குவிந்தார்கள். அவர்களைப் பார்க்க வந்தவர்கள் யார் என்பதையும் சொல்லியாக வேண்டும். பிளாஸ்டிக் பூ, சவரி முடி, ஆயத்த ஆடை என்று ஹாங்காங் தொழிற்சாலைகள் பெருகிய காலம். பதினைந்து, பதினாறு வயதிலேயே வேலைக்குப் போய்ச் சம்பளத்தை வீட்டில் கொடுத்துவிட்டு, மிச்சத்தில் சினிமா பார்த்த பெண்கள்தாம் கோனி சானையும், ஃபோங்-ஃபோங் என்று அழைக்கப்பட்ட ஜோசஃபின் சியாவையும் நட்சத்திரங்களாக்கினார்கள். போ-ச்சு கட்சி, ஃபோங்-ஃபோங் கட்சி என்று இரண்டாகப் பிரிந்து சண்டை போட்டுக்கொள்ளும் அளவுக்கு அது தீவிரமாக இருந்தது. கோனி சான் மட்டும் 200க்கும் மேற்பட்ட படங்களில் நடித்தார். இத்தனை படங்களையும் விதிவிலக்கு என்று ஒதுக்கிவிட்டு வரலாறு எழுத யாருக்கும் உரிமையில்லை.

இந்த இடத்தில் ஒரு மறுப்பு வழக்கமாக எழும். அவை ஜேம்ஸ் பாண்டைப் பார்த்து எடுத்த நகல்கள், கொஞ்ச நாள் மோகம், அவ்வளவுதான் என்பார்கள். 'லேடி பாண்ட்' என்ற பெயரே பாண்டிடமிருந்து எடுத்ததுதான். இசையிலும் கருவிகளிலும் பாண்டின் சாயல் தாராளமாக இருக்கிறது. அதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் முதல் பாண்ட் படம் 1962இல்தான் வந்தது. பெண் கொள்ளைக்காரி வோங் ஆங் அதற்கு முன்பே இருக்கிறாள். நாற்பதுகளின் கடைசியில் ஷாங்காயில் சியாவ் பிங் என்ற எழுத்தாளர் பத்திரிகைக்கு எழுதத் தொடங்கிய கதாபாத்திரம் அவள். பணக்காரனிடம் எடுத்து இல்லாதவனுக்குக் கொடுப்பவள், பெண் தோழிகளை வைத்துக்கொண்டு வேலை செய்பவள், போலீசையும் அயோக்கியனையும் ஒருசேர ஏய்ப்பவள். அந்தக் கதைகளை வெளியிட்ட பதிப்பாளர் லோ பின், ஷாங்காயை விட்டு ஹாங்காங் வந்தபோது அவளும் கூடவே வந்தாள். 1959இலேயே அவள் திரையில் துப்பறிந்தாள். அதில் நடித்தவர் வூ லிச்சு. இயக்கியவர் அவருடைய கணவர் ரென் பெங்நியன். வூ லிச்சு முப்பதுகளில் ஷாங்காய் மௌனப் படங்களிலேயே சண்டைக்காரியாகப் பெயர் எடுத்தவர். 'கிழக்கின் பெண் ஃபேர்பேங்க்ஸ்' என்று அழைக்கப்பட்டவர். ஆக, பாண்ட் ஹாங்காங்குக்கு வந்தபோது அங்கே காலி நாற்காலி ஏதும் இல்லை. ஏற்கெனவே உட்கார்ந்திருந்த பெண்களுக்கு அவர் புது உடுப்பும் புது இசையும் கொடுத்தார், அவ்வளவே.

இந்தப் பெண்களுக்குச் சண்டை எங்கிருந்து வந்தது என்பதும் மறக்கப்பட்ட சங்கதி. கான்டனீஸ், பீக்கிங் ஓபரா மேடைகளிலிருந்து வந்தது. கோனி சானின் பெற்றோர் ஓபரா கலைஞர்கள். அவர் சிறுவயதிலேயே ஃபன் குக்-ஃபா என்ற ஆசிரியையிடம் வடசீன மேடைச் சண்டை பயின்றவர். வாள்சண்டைப் படங்களில் ஆண் வேடம் கட்டி, ஜோசஃபின் சியாவுக்கே காதலனாக நடித்தவர். நூற்றைம்பது படங்களுக்கு மேல் நடித்த யூ ஸோ-சாவின் தந்தை யூ ஜிம்-யூன். ஜாக்கி சானையும் சாம்மோ ஹுங்கையும் சிறுவர்களாகச் சேர்த்துக்கொண்டு பழக்கிய அதே குரு. ஜாக்கி சான் திரையில் பெயர் எடுப்பதற்குப் பல ஆண்டுகள் முன்பே குருவின் மகள் திரையில் வாள் வீசி, ஓய்வும் பெற்றுவிட்டார். ஜாக்கி சானின் பயிற்சிப் பள்ளியைப் பற்றி எழுதாத புத்தகம் இல்லை. குருவின் மகளைப் பற்றி ஒரு வரி தேடினால் கிடைப்பதில்லை. இது எனக்கு ஆறாத கோபம்.

இன்னொரு மறுப்பு கொஞ்சம் கனமானது. அந்தப் படங்களின் கடைசிச் சுருளில் கொள்ளைக்காரி திருந்துகிறாள், கல்யாணம் செய்துகொள்கிறாள், குடும்பம் சிதையாமல் நிற்கிறது. ஆகவே அவை பழமைக்கே சேவை செய்தன என்கிறார்கள். முடிவுகள் அப்படித்தான் இருந்தன, பல படங்களில். ஒன்றரை மணி நேரம் மாடி விட்டு மாடி தாவிய பெண்ணைக் கடைசி ஐந்து நிமிடத்தில் சமையலறைக்கு அனுப்பினால் பார்த்தவள் மனத்தில் நிற்பது எது? தையல் மெஷினுக்கு முன் நாள் முழுக்க உட்கார்ந்துவிட்டு வந்தவள் எதற்காகக் காசு கொடுத்தாள்? ஆண் நாயகர்களின் படங்களை யாரும் கடைசிக் காட்சியை மட்டும் வைத்து எடைபோடுவதில்லை. பெண் என்றால் மட்டும் முடிவைப் பிடித்துக்கொள்வது என்ன நியாயம்?

எல்லா முடிவும் அப்படி இருக்கவுமில்லை. 1969இல் பாட்ரிக் லுங் கோங் எடுத்த 'டெடி கேர்ல்ஸ்' படத்தைப் பார்த்துவிட்டு யாரும் அதைப் பழமைக்குச் சேவை என்று சொல்ல முடியாது. ஜோசஃபின் சியாவ் அதில் தந்தையை இழந்த பணக்கார வீட்டுப் பெண். அம்மா ஒருவனோடு பழகுகிறாள். மகளுக்கு அவனைப் பிடிக்கவில்லை. இரவு விடுதியில் ஓர் அடிதடி. நீதிமன்றத்தில் அவள் வீட்டுக்குத் திரும்புவதைவிடச் சீர்திருத்தப் பள்ளிக்குப் போவதே மேல் என்று தானே தேர்ந்துகொள்கிறாள். உள்ளே அவளைப் போலப் பலர். ஒவ்வொருத்தியும் ஒவ்வொரு விதமாகக் கைவிடப்பட்டவள். வெளியே அந்த மனிதன் அம்மாவின் தொழிலைச் சுருட்டிக்கொள்கிறான். அம்மா தற்கொலை செய்துகொள்கிறாள். செய்தி தெரிந்ததும் மகள் தோழிகளோடு தப்பி ஓடுகிறாள், பழி வாங்க. அதுவரை சுட்டிப் பெண்ணாகவும் நல்ல மகளாகவும் நடித்துவந்த சியாவின் முகத்தில் அந்த நேரத்தில் வரும் இறுக்கத்தைப் பாருங்கள். கண்ணீர் இல்லை. யாரிடமும் எதுவும் கேட்கும் எண்ணமே அதில் இல்லை. அம்மாவை ஏமாற்றியவனாக நடித்தவர் இயக்குநரே. பள்ளித் தலைவராக நடித்த கென்னத் சாங், 1986இல் 'எ பெட்டர் டுமாரோ'வில் டாக்சி கம்பெனி முதலாளியாக வருவார். அந்தப் படத்தின் மூலமே இதே லுங் கோங் 1967இல் எடுத்த படம்தான். ஆண்களின் சகோதரத்துவத்துக்குத் தொட்டில் என்று கொண்டாடப்படும் அதே கை, இரண்டே ஆண்டில் குற்றவாளிப் பெண்களின் படத்தையும் எடுத்தது. முதலாவதைத் தெரிந்தவர்கள் ஆயிரம் பேர். இரண்டாவதைத் தெரிந்தவர்கள் பத்துப் பேர்.

பிறகு என்ன ஆயிற்று? இயக்குநர் சாங் செ தம் கருத்தை ஒளிக்கவே இல்லை. சீன சினிமாவில் பெண் நட்சத்திரங்களே கோலோச்சுகிறார்கள், ஆண்மையின் வீரம் முன்னுக்கு வர வேண்டும் என்று வெளிப்படையாக வாதிட்டவர் அவர். ஷா பிரதர்ஸ் நிறுவனம் பின்னால் நின்றது. 1967இல் அவருடைய 'ஒன்-ஆர்ம்டு ஸ்வார்ட்ஸ்மன்' பத்து லட்சம் ஹாங்காங் டாலரைத் தாண்டி வசூலித்தது. அதன் திரைக்கதையில் கைவைத்தவர் நீ குவாங். மூக் லான்-ஃபா கதைகளை வேறொரு புனைபெயரில் எழுதிக்கொண்டிருந்த அதே நீ குவாங்! ஒரே பேனா, பெண்ணுக்கும் எழுதியது, கை வெட்டுப்பட்ட ஆணுக்கும் எழுதியது. சீனப் பண்பாட்டில் வீரம் ஆணுக்கே உரியது, ஆகவே சினிமாவும் அப்படி அமைந்தது என்று விளக்கம் சொல்கிறவர்கள் இந்த ஒரு தகவலுக்குப் பதில் சொல்லட்டும். பண்பாடு ஒரே ஆண்டில் மாறாது. முதலாளியின் கணக்கு மாறும்.

அதே ஆண்டு நவம்பரில் டிவிபி தொலைக்காட்சி இலவச ஒளிபரப்பைத் தொடங்கியது. மலிவாக, அவசர அவசரமாகக் கறுப்பு வெள்ளையில் எடுக்கப்பட்ட கான்டனீஸ் படங்களுக்கு வீட்டில் உட்கார்ந்தே பார்க்கும் பெட்டியோடும், ஷாவின் வண்ண மாண்டரின் படங்களோடும் போட்டியிட வலுவில்லை. 1972இல் ஒரு கான்டனீஸ் படம்கூட வெளிவரவில்லை. பெண் நாயகிகள் மங்கியதற்குப் பார்வையாளர் சலிப்பைக் காரணம் காட்டுவார்கள். அவர்கள் பேசிய மொழியின் சினிமாவே மூழ்கிப்போனதைச் சொல்ல மாட்டார்கள். அந்த 1972இல்தான் சோர் யூன் ஷாவுக்காக 'தி லிஸர்ட்' எடுத்தார். ஷாங்காய், முகமூடி, பணக்காரனிடம் பறித்து ஏழைக்குக் கொடுக்கும் திருடன். 'பிளாக் ரோஸ்' போட்ட அதே பாதை. ஆனால் முகமூடி இப்போது யூ ஹுவா என்ற நடிகருக்கு. அவருக்கு ஜோடி கோனி சான். ஏழே ஆண்டில், அதே இயக்குநர் கையால், அதே நடிகை நடுவிலிருந்து பக்கத்துக்கு நகர்த்தப்பட்டார். இதைவிடத் தெளிவான சாட்சியம் எனக்குத் தெரிந்து வேறில்லை.

உலகம் ஹாங்காங் சினிமாவைக் கண்டது இந்த நகர்த்தலுக்குப் பிறகு. புரூஸ் லீயின் 'தி பிக் பாஸ்' 1971இல் வந்தது, அதுவும் மாண்டரினில். கான்டனீஸ் படங்களின் தொடக்கமாக உலகம் நினைத்துக்கொண்டிருப்பது கான்டனீஸ் படமே அல்ல! 'என்டர் தி டிராகன்' படத்தில் புரூஸ் லீக்குத் தங்கையாகச் சில நிமிடங்கள் வந்து போராடி மாள்பவர் ஏஞ்சலா மாவ். அவரை அந்தச் சில நிமிடத்துக்காக மட்டும் நினைவு வைத்திருக்கிறவர்கள், முந்தைய ஆண்டே அவர் நாயகியாக 'ஹாப்கிடோ' படத்தைத் தோளில் சுமந்ததைத் தேடிப் பார்ப்பதில்லை.

கேமராவுக்குப் பின்னால் நடந்தது இன்னும் முக்கியம் என்று நினைக்கிறேன். ஹாங்காங்கின் நவீன குற்றப் படம் எங்கே தொடங்குகிறது என்று கேட்டால் விவரம் தெரிந்தவர்கள் 1976இல் வந்த 'ஜம்ப்பிங் ஆஷ்' படத்தைச் சொல்வார்கள். தெருவில் இறங்கி எடுத்த போதைப்பொருள் கடத்தல் கதை, வேகமான வெட்டுகள், ஸ்டூடியோ செட்டை விட்டு வெளியே வந்த போலீஸ். அதன் இரு இயக்குநர்களில் ஒருவர் லியோங் போ-சி. மற்றவர் ஜோசஃபின் சியாவ். அறுபதுகளில் தொழிற்சாலைப் பெண்கள் கொண்டாடிய அதே ஃபோங்-ஃபோங்! 'எ பெட்டர் டுமாரோ' இயக்குநர் ஜான் வூவின் புகழ்பெற்ற துப்பாக்கிகள் வெடிக்க இன்னும் பத்து ஆண்டு இருந்தது.

அதே 1976இல் டிவிபியில் 'சிஐடி' தொடர் 16 மிமீ படச்சுருளில் எடுக்கப்பட்டது. அதில் வேலை கற்ற ஆன் ஹூய், அடுத்து ஊழல் தடுப்பு ஆணையத்துக்காக 'ஐசிஏசி' நாடகங்களை இயக்கினார். அவற்றில் இரண்டு ஒளிபரப்பாமல் தடுக்கப்பட்டன. 1979இல் அவருடைய முதல் திரைப்படம் 'தி சீக்ரெட்'. 1970இல் லுங் ஃபூ மலையில் உண்மையாக நடந்த இரட்டைக் கொலையிலிருந்து பிறந்த கதை. எழுதியவர் ஜாய்ஸ் சான். கொலையுண்டவளாக ஆங்ஜி சியு. உண்மையைத் தேடி அலையும் தோழியாக சில்வியா சாங். கொலை, துப்பு, பயம், துக்கம் எல்லாமே பெண்களின் வழியாகவே நமக்கு வந்து சேர்கின்றன. காலம் முன்னும் பின்னும் புரண்டு, ஒவ்வொரு துண்டாகத்தான் பிடிபடுகிறது. அடுத்த ஆண்டு இதே ஆங்ஜி சியு டிவிபியின் 'தி பண்ட்' தொடரில் ஃபங் சிங்-சிங்காக வந்தபோது ஊரே அவரை சௌ யுன்-ஃபாட்டின் காதலியாகப் பார்த்தது, இன்றும் அப்படியே பார்க்கிறது. நடிகை அவரேதான், எந்தப் படத்தை நினைவில் வைக்கிறோம் என்பதில்தான் அவருடைய உயரம் ஏறுவதும் இறங்குவதும்.

இப்போது 1985. கோரி யூன் இயக்கிய 'யெஸ், மேடம்!' நல்ல படம், ஐயமில்லை. ஈப்போவில் பிறந்து, லண்டனில் பாலே பயின்று, முறையான தற்காப்புக் கலைப் பயிற்சி இல்லாமல் வந்த யோ, கடைசிச் சண்டையில் மாடித் தடுப்புக் கம்பியின் மேல் உட்கார்ந்து, கால்களைக் கொக்கிபோல் மாட்டிக்கொண்டு, பின்பக்கமாகச் சாய்ந்து, தலை முன்னே போகக் கண்ணாடிப் பலகையை உடைத்து உள்ளே கை நீட்டி, இரண்டு ஆட்களைக் காலைப் பிடித்து இழுப்பார். ஒரே வீச்சில் நடக்கும் அந்த அசைவில் பாலேக்காரியின் இடுப்பு தெரிகிறது. அதைப் பார்த்துவிட்டு 'ஆணுக்கு நிகராகச் சண்டை போடுகிறார்' என்று எழுதுகிறவர்களிடம் எனக்குச் சொல்ல ஒன்றே ஒன்றுதான்: அந்த அசைவை எந்த ஆண் நடிகரிடமிருந்து எடுத்து அளந்தீர்கள்? மேடைப் பயிற்சி பெற்ற பெண் உடல் திரையில் சண்டைபோடும் மரபு ஷாங்காயிலிருந்து வருகிறது. அளவுகோல் வேண்டுமானால் அங்கே தேடுங்கள்.

'யெஸ், மேடம்!' கிளப்பிய அலையில் வந்த எல்லாப் படத்தையும் நான் தூக்கிப் பிடிக்கவில்லை. மூன் லீ, யுகாரி ஒஷிமா, சிந்தியா கான், சிபெல் ஹூ நடித்தவற்றில் மட்டமான படங்கள் நிறைய. பெண்ணை அடித்து வதைப்பதையே காட்சியாக்கிய படங்களும் உண்டு. அவற்றுக்கு வக்காலத்து வாங்க மாட்டேன். ஆனால் அந்தப் பெண்கள் கொடுத்த விலையைக் குறைத்துப் பேசுவதைப் பொறுக்க முடியவில்லை. 1989இல் வந்த 'டெவில் ஹன்ட்டர்ஸ்' படத்தின் கடைசிக் காட்சியில் வெடி நேரம் தவறியதால் மூன் லீயும் சிபெல் ஹூவும் தீக்காயம்பட்டார்கள். தயாரிப்பாளர்கள் அந்தக் காட்சியை அப்படியே படத்தில் வைத்துக்கொண்டார்கள். ஜாக்கி சான் அடிபட்ட காட்சிகளைத் திரும்பத் திரும்பப் போட்டு வீரம் என்று சொல்லும் அதே ரசிகர்கள், இதை மலிவுப் படம் என்று தாண்டிப் போகிறார்கள். 'போலீஸ் ஸ்டோரி 2' எடுக்கும்போது மாகி சாங்குக்குத் தலையில் அடிபட்டது. அவர் 'நாயகனின் காதலி' என்ற பட்டியலிலேயே இன்றும் இருக்கிறார்.

கடைசியாக, எதிர்த்தரப்பின் பெரிய கோட்டைக்கே போகலாம்: 'எ பெட்டர் டுமாரோ'. அந்தப் படத்தில் எமிலி சூ நடித்த பெண் பாத்திரம் மெலிந்தது. அதில் எனக்குக் கருத்து வேறுபாடில்லை. படத்தைத் தயாரித்தது ஃபிலிம் ஒர்க்‌ஷாப். 1984இல் அதை ட்ஸுய் ஹார்க்கோடு சேர்ந்து தொடங்கியவர் நான்சன் ஷி என்ற பெண். அதே நிறுவனம் அதே 1986இல், பிரிஜிட் லின், செரி சுங், சாலி யே மூவரையும் நடுவில் வைத்து 'பீக்கிங் ஓபரா புளூஸ்' எடுத்தது. பிறகு 1989இல் 'எ பெட்டர் டுமாரோ' வரிசையின் மூன்றாம் படம் வந்தது. கதை முதல் படத்துக்கு முந்திய காலத்துக்குப் போகிறது: 1974, போர் முடியும் தறுவாயில் சைகோன். சௌ யுன்-ஃபாட் நடித்த மார்க் அங்கே துப்பாக்கி பிடிக்கவே தெரியாத இளைஞன். அவனுக்குச் சுடக் கற்றுத்தருபவள் அனிதா முய் நடித்த சௌ யிங்-கிட் என்ற ஆயுத வியாபாரி. உலகமெங்கும் சுவரொட்டியில் தொங்கும் அந்த நீளக் கோட்டும் அவள் வழியாகவே அவனிடம் வந்து சேர்கிறது. அவன் நடையும் அவளைப் பார்த்துப் பழகிய நடைதான். முதல் படத்தை மட்டும் வைத்துக்கொண்டு 'ஆண்களின் உலகம்' என்று எழுதுகிறவர்கள் மூன்றாவதையும் பார்த்துவிட்டு எழுதட்டும்.